ஜெனரேட்டரை அணைத்தவர்

பலவேசம் பேச மாட்டேன் என்கிறார் என்று சொன்னால் ஆய்க்குடியில் யாரும் நம்ப மாட்டார்கள். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் மனுஷன். மைக் டெஸ்டிங் என்று ஆரம்பித்தால் கல்யாண வீட்டுக்காரர் வந்து மைக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. அப்பேர்ப்பட்டவர் மஞ்சுவின் கேமராவுக்கு முன்னால் மட்டும் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்பதோடு சரி.

மஞ்சு தென்காசிப் பெண். சென்னையில் சினிமா படித்துவிட்டு வந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் குற்றாலத்தில் நடந்த ராக் கச்சேரியைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கச்சேரியை மறந்தவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. சாரல் சீசன், ஐந்தருவி ரோட்டை ஒட்டிய மைதானம், பெங்களூரிலிருந்து வந்த பேண்ட், நாலாயிரம் இளவட்டங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு, மூன்றாவது பாட்டு உச்சத்தில் இருந்தபோது சத்தம் மொத்தமும் நின்றுபோயிற்று. போலீஸ் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டது என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன, கல் பறந்தது, லத்தி சுழன்றது. டிரம்ஸ் வாசித்தவனுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. பதினேழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மறுநாள் ஒரு செல்போன் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் சுந்தரபாண்டியன் என்ற ஏட்டு, நின்றுபோன ஜெனரேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஜனங்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அணைத்தது அவரில்லை. பலவேசம்.

கலகம் மூட்டும் எண்ணமா என்றால், ஒரு மண்ணும் இல்லை. ரோட்டில் ஒரு பிணம் போயிற்று. இந்தப் பக்கத்து மைக் செட்காரன் எவனாக இருந்தாலும், சடங்கு வீடோ கட்சிக் கூட்டமோ, எதிரே பாடை வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அது தாண்டின பிறகுதான் மறுபடி போடுவான். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகப் போகும். வழக்கமாகச் சத்தத்தைக் குறைக்கிற குமிழ் பலவேசத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அன்றைக்கு மிக்ஸர், மைக் எல்லாம் பேண்ட்காரர்களிடம். இவர் கொடுத்தது ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் மட்டும். மேடைக்குப் பின்னால் ரோட்டோரமாக உட்கார்ந்திருந்தவர், நாலு பேர் தோளில் வந்த பாடையைப் பார்த்தார், எழுந்தார், ஜெனரேட்டரை அணைத்தார். ரெண்டே நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு, கும்பிடு போட ரோட்டுப் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து, என்ன ஆச்சு என்று பார்க்க வந்த ஏட்டு ஜெனரேட்டரைத் தொட்டார்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். பயந்தார். ஏட்டுக்கு யூனிபார்ம் இருக்கிறது, மேலதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பயந்தவனுக்குச் சமாதானமா கிடைக்காது! அந்த ஏட்டு எட்டு மாதம் சஸ்பெண்டில் இருந்தார். அப்புறம் எங்கெங்கோ மாற்றினார்கள். கடைசியில் வேலையையே விட்டுவிட்டு வீரகேரளம்புதூரில் வீட்டோடு கிடக்கிறார் என்று கேள்வி.

நாலாம் நாள் மஞ்சு லேப்டாப்போடு கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க பேச வேண்டாம். படம் முடிஞ்சிட்டு. கடைசி சீன்ல சவுண்ட் சரியா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை திருவனந்தபுரம் பட விழாவுல போடுதோம்."

திரையில் சுந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நீங்கதான் அணைச்சீங்களா என்று மஞ்சுவின் குரல் கேட்டது.

"ஆமா. நான்தான் அணைச்சேன். எழுதிக்கிடுங்க."

மஞ்சுவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ஆறு வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டாரு பாத்தீங்களா? இதோட படத்தை முடிக்கேன்."

"சவுண்ட் நல்லாருக்கும்மா" என்றார் பலவேசம். அவள் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். செய்யாத ஒருத்தர் செய்தேன் என்று சொல்கிறார், செய்தவன் சவுண்ட் நல்லா இருக்கிறது என்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது.

மறுநாள் காலை மஞ்சுவுக்குப் போன் போட்டு, கேமராவோடு வீரகேரளம்புதூருக்கு வரச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். சுந்தரபாண்டியன் முற்றத்தில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நான் ஆய்க்குடி மைக் செட் பலவேசம். அன்னைக்கு ஜெனரேட்டரை அணைச்சது நான்தான் சார்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. குடம் தரையில் வைக்கப்படும் சத்தம்தான் கேட்டது.

"எதுக்குவே அணைச்சீரு?"

"ரோட்டுல பிணம் போச்சு சார்."

 சுந்தரபாண்டியன் அங்கே இருந்த ஒரே நாற்காலியை இவர் பக்கம் தள்ளிவிட்டு வாசல் நடையில் உட்கார்ந்தார்.

"பிணம் போச்சுன்னா நானா இருந்தாலும் அணைச்சிருப்பேன். மைக்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தீர்னா அந்தப் பயலுவ பூரா எந்திரிச்சு நின்னுருப்பானுவ."

"மைக்கு அவங்க கையில இருந்துது சார்."

"உம்ம வாய் உம்மகிட்டதான இருந்துது? ஆறு வருஷம்வே!"

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார். 

"பின்ன நீங்க ஏன் சார் அணைச்சதா சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுட்டு. இல்லைன்னு சொன்னா வந்தவன் இன்னும் நாலு கேள்வி கேக்கான். ஆமான்னா எந்திரிச்சுப் போயிருதான்."

"மஞ்சு கேமராவோட வந்துக்கிட்டிருக்கா சார். ஊரறியச் சொல்லுதேன். கேஸ் வந்தாலும் வரட்டும்."

ஊர் என்றதும் அவர் முகம் மலரும் என்று பலவேசம் நினைத்திருந்தார். அவரோ வீட்டுக்குள்ளே பார்த்தார்.

"வடிவு, இங்கன வா."

அவர் மனைவி வடிவம்மாள் மாவு ஒட்டிய கையோடு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவரு ஒண்ணு சொல்லுதாரு, கேளு."

பலவேசம் சொன்னார். பாடை வந்தது, தான் அணைத்தது, அப்புறம் பயந்து கிடந்தது, ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணெடுக்காமல் கேட்டாள். முடிந்ததும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நிசமாவே நீங்க அணைக்கலையா?"

சுந்தரபாண்டியனின் வாய் கோணிற்று. ஆறு வருஷமாக இந்த வீட்டுக்குள்ளும் அவரை யாரும் நம்பவில்லை என்பது பலவேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் கார் வந்து நின்றது. மஞ்சு கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பலவேசம் எழுந்தார். ஏட்டு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தப் புள்ள கொஞ்சம் நிக்கட்டும்வே. இவகிட்ட இன்னொரு தடவை சொல்லும்."