தைத்துப் பார்க்காமல் வாங்கிய மெஷின்

கிருஷாந்தியும் நாகலெட்சுமியும் ஆறு வருடம் ஒன்றாகத் தைத்தவர்கள். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, நாகலெட்சுமி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கார்மெண்ட் தொழிற்சாலைகளில் கழித்துப் போட்ட வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வை தைத்தார்கள். நுவரெலியா விடுதிகள் சிலவற்றில் அந்தப் போர்வைகளைத்தான் கட்டிலுக்குக் கட்டில் விரித்திருந்தார்கள். நிறம் பார்த்துத் துண்டுகளைப் பொருத்துவது கிருஷாந்தியின் வேலை. மூன்று அடுக்கையும் பிடித்து மேல்தையல் போடுவது நாகலெட்சுமி. அவள் கல்யாணத்துக்கு முன்னால் கட்டுநாயக்கக் கார்மெண்டில் மெக்கானிக்குகளோடு நின்று வேலை பழகியவள். ஓடும் சத்தத்தை வைத்தே மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

தேடி வருகிறவர்கள் எல்லோரும் நாகலெட்சுமி போர்வை என்றுதான் கேட்டார்கள். முதலில் கிருஷாந்திக்கு அது சிரிப்பாக இருந்தது. போகப் போக அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மேல்தையல் போடும் பெரிய மெஷின் ஒன்றை ஃபோன் விளம்பரத்தில் முதலில் பார்த்தது நாகலெட்சுமிதான். பன்னிரண்டடி மேசை. போர்வையை உருளைகளில் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டால் அது அசையாது. தையல் தலைதான் தண்டவாளத்தில் போவது போல மேலே ஓடித் தைக்கும். ஒரு போர்வைக்கு மூன்று நாள் முதுகு ஒடிய மேல்தையல் போடுகிறவளுக்கு அது அரை நாள் வேலை. நுவரெலியாவில் யாரோ ஒரு டீச்சர் விற்கிறார் என்று போட்டிருந்தது.

“சனிக்கெழம ரெண்டு பேரும் போவோம் கிருஷா” என்றாள் நாகலெட்சுமி. “துணியும் நூலும் கொண்டுபோயி தைச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். பழைய மெஷினு. ஊசியும், அடியில நூலைக் கொக்கி எடுக்குற ஹூக்கும் ஒரு நூலளவு தள்ளியிருந்தாலும் தையல் விழாது.”

கிருஷாந்தி சரியென்று தலையாட்டினாள். வியாழக்கிழமை காலையில் தான் கட்டிய சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒருவரின் சின்ன லொறியில் தனியாக நுவரெலியாவுக்குப் போனாள். இந்த ஒன்றாவது தன் பெயரில் இருக்கட்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டீச்சரின் பெயர் சிவதர்சினி. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பப் போகிறார். கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய மெஷின் அது. கழற்றி, கராஜில் பழைய சீலைகளால் மூடி வைத்திருந்தார்.

“ரெண்டு வருசமா ஓடேல்லை பிள்ளை. அவசரப்படாதேங்கோ. ரெண்டு நாள் பொறுத்தீங்கள் எண்டால் ஆளைப் பிடிச்சுப் பூட்டி, தைச்சுக் காட்டிப்போட்டுத் தருவன்.”

“பரவால்லீங்க டீச்சர். நாங்க பாத்துக்குறோம்.”

“நாகலெட்சுமி எண்டு ஒரு ஆள் கதைச்சவ. அவவும் நீங்களும் ஒண்டுதானே? அவ வரேல்லையோ?”

கிருஷாந்தி லொறியைப் பார்த்தபடி சொன்னாள்: “அவங்களுக்கு இதுல விருப்பம் இல்லீங்க.”

டீச்சர் சீலைகளை விலக்கினார். பாகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேப்பர் சுற்றிக் கொடுத்தார்.

வட்டகொடை கடைத்தெருவில் ஒரு கிழங்குக் கடைக்குப் பின்னால் நீளமான அறை வாடகைக்குக் கிடைத்தது. சனிக்கிழமை நாகலெட்சுமி வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. கிருஷாந்தியும் புருஷன் விஜிதரனும் வீடியோ பார்த்து, பாகங்களைச் சேர்த்து நான்கு நாளில் மெஷினைப் பூட்டினார்கள். அது ஓடியது. ஆனால் தையல் இரண்டு விழுந்தால் மூன்று விட்டுப்போனது. நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள். ஹட்டனிலிருந்து வந்த மெக்கானிக் இந்த மாதிரி மெஷினைத் தான் கண்டதே இல்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். விடுதிக்குக் கொடுக்க வேண்டிய எட்டுப் போர்வைகளும் தைக்காமல் மடித்தபடியே கிடந்தன. யாரிடம் போக வேண்டும் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். போவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

நாகலெட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிருஷாந்தி வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“டீச்சர் ஃபோன் பண்ணுனாங்க. மெஷின் நல்லா ஓடுதான்னு கேட்டாங்க. எனக்கு விருப்பமில்லேன்னு சொன்னீங்களாமே.”

ஆறு வருடத்தில் நாகலெட்சுமி அவளை நீங்க என்று சொன்னதே கிடையாது. நாகலெட்சுமி ஈரக் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் கிருஷாந்தி நினைத்தாள். அவள் டூல்ஸ் பையோடு வெளியே வந்து, முன்னால் நடந்தாள்.

ஒரு மணி நேரம் ஆனது. நாகலெட்சுமி தையல் தலையின் அடியைத் திறந்து, டார்ச் பிடித்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். ஊசி இறங்கி ஏறும் இடத்தையே கண் எடுக்காமல் பார்த்தாள். ஒரு திருகாணியைத் தளர்த்தி, ஹூக்கை அசைத்து, மறுபடி இறுக்கினாள். பழைய துணியைக் கட்டி ஓட்டியபோது தையல் ஒன்றுகூட விடவில்லை. வளைவுகள் தண்ணீர் ஓடுவது போல விழுந்தன. அதைப் பார்த்து அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. கிருஷாந்தி பக்கம் திரும்பியபோது அது இல்லை.

“நா செஞ்சது தப்புக்கா” என்றாள் கிருஷாந்தி. “நாளையிலருந்து வாங்க. ரெண்டு பேருமே இதுல தைப்போம்.”

“சனிக்கெழம நுவரெலியா போக சேலையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்” என்றாள் நாகலெட்சுமி. பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, “தெனமும் எண்ணெ விடுங்க. வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் போய்விட்டாள்.

மெஷின் அதற்குப் பிறகு ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. நாகலெட்சுமி பூண்டுலோயாவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். கிருஷாந்தி இரண்டு தரம் அவள் வீட்டுக்குப் போய் வந்தாள். தேநீர் வந்தது, மழையைப் பற்றிப் பேச்சும் வந்தது. அவ்வளவுதான்.

போன மாதம் பஸ்ஸில் நாகலெட்சுமியைப் பார்த்தாள். அவள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் கிருஷாந்தி எத்தனையோ நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றபோது, “உங்களுக்கும் சேத்து டிக்கட் நா எடுக்குறேன்க்கா” என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

“எனக்கு எடுத்துட்டேங்க” என்றாள் நாகலெட்சுமி. பூண்டுலோயா வரைக்கும் இருவரும் தோள் உரச உட்கார்ந்து போனார்கள்.