கரையேறிய தம்பி

நாவலாசிரியையின் தம்பி ஆற்றில் மூழ்கிச் செத்து முப்பது வருஷம் கழித்து, அவளுடைய நாவல் படமாக வெளிவந்த மறுநாள் காலை, ஈரச்சட்டையோடு வீடு திரும்பினான். அதே பத்தொன்பது வயது. காரணம் தெருவுக்கே தெரிந்திருந்தது. நாவலில் அவள் நடந்ததை நடந்தபடி எழுதி அவனைச் சாகவிட்டிருந்தாள்; படத்தில் இயக்குநர் அவனைக் கரையேற்றிவிட்டார். ஜனங்கள் அழுதுகொண்டே வெளியே வந்தால் படம் ஓடாது என்பது அவர் கட்சி. பள்ளிப் பாடமாகவே ஆகிவிட்ட கதையில் கைவைத்துவிட்டார்களே என்று அவள் நிருபர் ஒருவரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது.

துண்டை எடுத்துக்கொண்டு ஓடியவள் பாதியில் நின்றாள். செத்துப்போன தம்பிக்குத் திக்குவாய். 'அக்கா' என்று சொல்லி முடிப்பதற்குள் முகம் சிவந்துவிடும். படத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். வந்தவன் மணிமணியாகப் பேசினான். சிரிப்பு படத்தில் நடித்தவனுடையது; புருவத் தழும்பும், தூக்கத்தில் காலை ஆட்டுவதும் தம்பியுடையவை. அடுத்த அறையிலிருந்து அவன் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று சும்மா இருப்பாள். அப்புறம் மனசு கேட்காமல் எழுந்து போவாள். அவன் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். எல்லோரையும் போல அவனுக்கும் வயது ஏறியது. அவளுக்குக் கண்புரை எடுத்தபோது அலுக்காமல் சொட்டுமருந்து விட்டவன் அவன்தான். ஒருநாள் நாவலைப் படித்துவிட்டு, "இதுல இருக்கிறவன் என்னைவிட நல்லவனாக்கா?" என்று கேட்டான். "கோவக்காரன்டா அவன்," என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சில வருஷங்களில் வேறொரு பெண் இயக்குநர் வந்தார். முதல் படம் நாவலுக்குச் செய்த துரோகம் என்றும், தான் ஒரு வரி பிசகாமல், திக்குவாயிலிருந்து ஆற்றங்கரை வரை அப்படியே எடுக்கப்போவதாகவும் சொன்னார். அவள் ஆயுள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. அந்தத் திக்கும் குரலைத் திரையிலாவது ஒருதரம் கேட்டுவிடலாமே என்று 'சரி' அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது தம்பி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"உங்க படம் ரிலீஸானா இவன் என்ன ஆவான்?"

இயக்குநர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"நான் எழுதினது புத்தகத்துலயே இருக்கட்டும்மா. எனக்கப்புறமும் யாரும் எடுக்க வேணாம்."

தெருமுனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், தம்பியே இயக்குநரைப் பத்திரமாகக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டான். வரும்போது ரொட்டி வாங்கிவந்தான்.