இரண்டு கிளாஸ் கமருத்தீன்

இன்ஷிராஹ் சிஸ்டர் உள்ளே நுழைந்தால் டயாலிசிஸ் மிஷின்கூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள் அந்த வார்டில். பதினாறு வருஷ சர்வீஸ். ரமலான் முதல் நாளே நோயாளிகள் எல்லாருக்கும் சட்டம் போட்டுவிட்டாள்: "பேரீச்சம்பழம், கமருத்தீன், ரெண்டையும் தொடக்கூடாது. தொட்டீங்க, உங்களுக்கு ஊசி குத்த என் கை வராது. ஆமா!"

உலர்ந்த ஆப்ரிகாட்டைக் கரைத்துச் செய்யும் கமருத்தீன் இல்லாமல் நோன்பு திறக்கிற வீடு அந்த அரபு ஊரில் ஏது? ஆனால் சிறுநீரகம் செத்தவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் விஷம். இதயத்தையே நிறுத்திவிடும்.

மூன்றாம் நோன்பன்று மத்தியானம் பயூமி மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாத மனுஷன். அன்றைக்குப் பேச்சே இல்லை.

"கால் ரெண்டும் கனக்குதும்மா. வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் ரம்ஸி புதுசு. "வெயில் அப்படி. உங்க முறை வர்ற வரைக்கும் உட்காருங்க" என்றார். முறை வர இரண்டு மணி நேரம் இருந்தது.

இன்ஷிராஹ் போகிற போக்கில் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நாற்பதுகூட இல்லை.

"மாமா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நீ சொன்னதுதாம்மா."

கண்ணைப் பார்க்காமல் சொன்னார். தன் சட்டத்துக்குப் பயந்துதான் மனுஷன் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. பாழாய்ப்போன வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி மிரட்டினால் வேலைக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல நேத்து கமருத்தீன் கரைச்சாங்க பாருங்க, கழனித்தண்ணி தோத்துச்சு!"

"வெந்நீர்ல ஊறப்போடணும்மா! என் மக அப்படித்தான் செய்வா. நேத்து என்ன கெட்டி, என்ன மணம்! ஒரு கிளாஸோட நிறுத்தவே..." வாய் பாதியில் நின்றது.

"டாக்டர், ஈசிஜி!"

பொட்டாசியம் ஏறிவிட்டதைச் சொல்லும்படி தாளில் அலைகள் கூர்கூராக எழும்பியிருந்தன. ரம்ஸியின் முகம் வெளுத்துவிட்டது. "கால்சியம் ஊசி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்து அவள் கையில் இருந்தது. உடனே மாமாவை மிஷினில் ஏற்றப் போனபோது, அடுத்ததாக அதில் ஏறவிருந்த கசாப்புக்காரர், "இது என் முறை!" என்று எகிறினார்.

"உன் முறை எங்கயும் ஓடிடாது. இவரு ஓடிடுவாரு. நகருய்யா!"

நாலு மணி நேரம் அவள் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை. அந்திநேர மஃரிப் பாங்கு ஒலித்தபோது மாமாவின் நாடி எழுபதைத் தொட்டிருந்தது. கசாப்புக்காரரின் மனைவி அவளுக்கென்று ஒரு கிளாஸ் கமருத்தீன் கொண்டுவந்து கொடுத்தாள். இன்ஷிராஹ் அதை மிஷினுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, நின்றபடியே தண்ணீரால் நோன்பு திறந்தாள்.

"ஊசி குத்த கை வராதுன்னியே?" என்றார் மாமா.

"வரலதான். நடுங்குச்சே, பார்க்கலியா?"

"அதைக் குடிக்கலியா?"

"எனக்குப் பிடிக்காது."

"பொய்! ஆறு வருஷமா பார்க்கிறேன். நாங்க ஏங்கிடுவோம்னு எங்க கண்ணு முன்னால நீ அதைத் தொட்டதே இல்ல."

அவள் குழாயைச் சரிசெய்தாள். கண் கலங்கிவிட்டது.

"குடிச்சிடும்மா. நான் பார்க்கல" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கட்டில்காரரும் மூடினார். வரிசையில் இருந்த ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக மூடிக்கொண்டார்கள்.

இன்ஷிராஹ் கிளாஸை எடுத்தாள்.