மூன்றாவது பாலம்

வீடியோ விளையாட்டுகளை விற்கிறவர்களைப் பற்றி நொட்டைக்கு இருபத்திரண்டு வருஷக் கருத்துகள் இருந்தன. அரைவேக்காட்டை விற்றுவிட்டு, வாங்கினவன் வீட்டில் வைத்து வேகவைக்கிறார்கள் என்பது ஒன்று. உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாத பெட்டியைக் காசுக்கு விற்பது சூதாட்டம்தான், பொம்மைச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இணையத்தில் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் மன்றத்தில் புனைபெயரில் இதையெல்லாம் பச்சையாக எழுதுவான். அதில் ஒரு வரி அங்கே பழமொழியாகவே நின்றுவிட்டது. எந்த விளையாட்டு ஓட்டையோடு வெளிவந்தாலும் யாராவது அதை எடுத்துப் போடுவார்கள்: "இதைச் சோதித்தவன் குருடனா, கூலிக்கு மாரடிக்கிறவனா?"

பிறகு அவனே சோதிக்கிறவன் ஆனான். ஜன்னல் இல்லாத அறை, பன்னிரண்டு நாற்காலிகள், கட்டைவிரல் பட்டு ரப்பர் தேய்ந்த கட்டுப்பாட்டுக் கருவிகள். விளையாடுவதற்குச் சம்பளமா என்று ஊரார் வயிறெரிந்தார்கள். ஒரே சுவரில் ஒரு நாளைக்கு நானூறு தடவை முட்டிப் பார்ப்பதுதான் வேலை. எதிலும் நொட்டை சொல்கிறான் என்று அறையில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த விளையாட்டில் ஒரு தபால்காரி மலை மலையாக நடக்கிறாள். மூன்றாவது பாலத்தில் அவள் கால் வைக்கும்போது மழை தொடங்கினால், சேமித்து வைத்த ஆட்டம் முழுவதும் அழிந்துபோகும். நாற்பது மணி நேர நடை ஒரு நொடியில் போய்விடும். நொட்டை பாலத்தின் முனையிலிருந்தே முப்பத்தொரு தடவை நடந்து பார்த்தான். முப்பத்தொரு தடவையும் அழிந்தது. பிழைப் பட்டியலில் தன் பெயரில் அதைச் சிவப்பில் பதிந்து வைத்தான்.

வெளியீட்டுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது குழுத் தலைவன் அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டான். நொட்டையைவிட எட்டு வயது சின்னவன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"அண்ணா, அந்தப் பாலத்துப் பிழைய மூடிடுங்க."

"சரி பண்ணிட்டாங்களா?"

"வெளியானப்புறம் பண்ணுவாங்க."

"அப்ப அப்புறமாவே மூடுறேன்."

"திறந்தவர்தான் மூட முடியும்னு உங்களுக்கே தெரியும். சிவப்புல ஒண்ணு நின்னாலும் வட்டு அச்சுக்குப் போகாது. மேல இருந்து நேத்து மட்டும் மூணு தடவ கேட்டாங்க."

"மூணு தடவ கேட்டவங்க ஒரு தடவ பாலத்துல நடந்து பாக்கலாம்ல?"

பக்கத்து நாற்காலிக்காரி சிரிப்பை இருமலாக மாற்றினாள். தலைவன் சிரிக்கவில்லை.

"பன்னண்டு பேர்ல நாலு பேரத்தான் அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கறாங்க. மத்தவங்க பேரு ஆட்டம் முடிஞ்சு கடைசியில ஓடுற பட்டியல்லகூட வராது. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலண்ணா."

இருபத்திரண்டு வருஷமாக ஒரு விளையாட்டின் பெயர்ப் பட்டியலையும் நொட்டை தள்ளிவிட்டதில்லை. கடைசிப் பெயர்வரை பார்த்துவிட்டுத்தான் எழுவான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பூஜை அது.

மூடுவதற்குக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சரிசெய்யப்பட்டது', 'வடிவமைப்பே அப்படி', 'மீண்டும் நிகழவில்லை.' பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு காரணம் அதில் இல்லை. மூன்றாவதை அழுத்தினான். சிவப்பு, பச்சையானது.

நால்வரில் அவனும் ஒருவன்.

அவனுடைய அக்கா பேருந்து ஓட்டுநர். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். வெளிவருமுன் எதையும் வாங்காதே என்று அவளுக்கு வருஷக்கணக்காக ஓதியிருந்தான். தம்பி வேலை பார்த்தது என்று இதை முன்கூட்டியே வாங்கிவிட்டாள். விளையாட்டு வெளிவந்த நான்காம் நாள் இரண்டாவது பாலத்தைத் தாண்டியிருந்தாள்.

"அக்கா, அடுத்த பாலத்துல ஏறாத. மேகம் கறுத்தா திரும்பிடு."

"ஏன்டா, புலி வருமா?"

"எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல இருந்து நடக்கணும்."

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்."

"கண்டுபிடிச்சு?"

"மூடிட்டேன்."

அவள் மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டாள். "பிரேக் பிடிக்காத வண்டிய சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு நான் எடுத்தேன்னா உள்ள தூக்கிப் போடுவாங்க. உனக்கு வேலைய நீட்டிச்சுக் குடுத்திருக்காங்க. நல்ல பொழப்புடா தம்பி." கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குச் சொல்ல நீ இருக்க. மத்தவனுக்கெல்லாம்?" என்றாள்.

அவன் மாடியறைக்குப் போய் மன்றத்தைத் திறந்தான். பாலம் பாலம் என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். இரவு வேலை முடித்துவந்து பகலெல்லாம் தூங்காமல் நடந்தேன், எல்லாம் போச்சு என்று ஒருவர். பெயர்ப் பட்டியலைப் படமெடுத்து, சோதித்தவர்களின் பெயர்களைச் சிவப்பில் வட்டமிட்டு ஒருவர். நொட்டையின் நிஜப் பெயர் நான்காவதாக இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். அதன் கீழே அவனுடைய பழமொழி. அதன் கீழே அவனுடைய புனைபெயருக்கு அழைப்பு: "தலைவா, வாங்க. உங்க வரிதான். நீங்களே கேளுங்க இவனுங்கள."

புனைபெயரிலேயே உள்ளே நுழைந்தான். பிறகு பதில் தட்டினான்: "குருடன் இல்லை."

ஒரு நிமிஷத்துக்குள் பதினேழு சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன.