ஓக்கே லா

"ஓக்கே லா, வீட்டுக்கே வந்து கேக்கும் சுட்டுத் தரேன்" என்று லியோனார்ட் தட்டிவிட்டது கிண்டலுக்குத்தான். ஈராயிரம் வெள்ளியாவது போகும் என்று மலேசிய முகநூல் ஏலக்குழுவில் போட்ட கேக் மிக்சருக்கு, கலும்பாங் ஊரிலிருந்து யாரோ கண்மணி எண்பது வெள்ளிக்குக் கேட்டால் மனிதன் வேறு என்ன சொல்வான்? ஆனால் அந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. விற்பவர் 'ஓக்கே' சொன்னால் ஏலம் முடிந்தது. பேச்சுவாக்கில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'லா'வை யாரும் சட்டை செய்வதில்லை. குழுவை நடத்தும் சிவானந்தம் ஐந்தே நிமிடத்தில் 'விற்றாச்சு' என்று பூட்டிவிட்டார்.

மிக்சர் அவன் மனைவி யூஜினியாவுடையது. அவர்கள் ஊரான புக்கிட் ரோத்தானில் பாதிக் கல்யாணக் கேக்குகளுக்கு அதில்தான் மாவு அடித்தாள். அவள் போய் எட்டு மாதம். அடக்கத்தன்றுகூடப் பெட்டி தூக்க வந்தவர்களிடம் ஏதோ ஜோக் சொல்லி, தான் மட்டும் சிரித்தவன் லியோனார்ட். அதற்குப் பிறகு சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாம்.

கொடுப்பதா வேண்டாமா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டான். மகள் ஷெல்லி, உங்கள் இஷ்டம் என்றாள். நண்பன் புனிதன், மோட்டார் கெட்டுவிட்டதாகச் சொல்லச் சொன்னான். யோசனை தன்னுடையது என்று மட்டும் வெளியே சொல்லக்கூடாதாம். சிவானந்தமோ, சட்டம் சட்டம்தான், ஆனாலும் பார்த்துச் செய்யுங்கள் என்றார். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கண்மணி ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். மிக்சர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விளிம்பில் மாவு காய்ந்து கல்லாகியிருந்தது.

"கழுவலியாண்ணே?"

"மாவுக்குக் காசு வேணாம்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக அந்தக் கிண்ணத்தை அவன் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை.

"தங்கச்சி, நெசமாச் சொல்லு. நான் அத வெளையாட்டுக்குப் போட்டேன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்ணே."

"அப்ப நான் குடுக்கணுமா?"

அவள் விரலில் ஒட்டிய மாவுத் தூளைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

"குடுக்கணும்ணே. எங்கிட்ட எண்பதுதான் இருந்துச்சு. ஓக்கேன்னு பாத்ததும் தீவாளிக்கு முப்பது கேக்கு செஞ்சு தரேன்னு ஒத்துக்கிட்டேன்."