இஞ்சின் ஓடாத தூரம்

மலைமேல் இருக்கும் நமுனுகுலையிலிருந்து கீழே பதுளைக்கு என் ஆட்டோவில் போக, இராக்கம்மா அக்காவிடம் வழக்கத்தைவிட முந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டேன். ஏறி உட்கார்ந்தார்.

“ஏன் தம்பி பெற்றோல் விலை ஏறிக்கிட்டே போகுது?”

நான் பொருளாதாரப் பட்டதாரி. உலகச் சந்தை, டொலர், வரி என்று விளக்கினேன். மனைவி இறந்தபின் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

“எப்பதான் குறையும்?”

“டொலர் இறங்கணும். இல்லேன்னா வரியைக் குறைக்கணும்.”

“நம்ம கையில ஒன்னுமே இல்லையா?”

“செலவைக் குறைக்கலாங்க.” இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திக் காட்டினேன். பாதி வழி ஆட்டோ தானாகவே உருண்டது.

பதுளையில் அக்கா பழைய கட்டணத்தில் பாதியை நீட்டினார்.

“பாதி வழி இஞ்சினே ஓடலையே தம்பி.”

“சரிங்க. திரும்பி மேல ஏறும்போது முழுசாத் தரணும்.”

“ஏறும்போது பஸ்ல போயிக்கிறேன்.”