காலிப் பெட்டிகளுக்காக உயர்ந்த கூரை

1

இந்தக் கதை எனக்கு எங்கள் மாடிக் குளியலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது? அங்கே நின்றால் பக்கத்து வீட்டுச் சேனாபதியின் கொல்லைப்புறம் முழுதாகத் தெரியும். 1999 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பல் தேய்க்கப் போனவள், அவர் தன் ஷெட்டின் கூரையைக் கழற்ற ஆரம்பித்திருப்பதைப் பார்த்தேன். அன்றைக்குப் பல் தேய்த்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

சுகர் லேண்டின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—

வேண்டாம். அமெரிக்காவின் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் மே மாதச் சூரியனுக்குப் பொற்கரமெல்லாம் கிடையாது. கழுத்தைப் பிடித்துத்தான் தள்ளும்.

இரண்டாவது ஆரம்பம்: சேனாபதிக்கு இடம் போதவில்லை.

இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

எதற்கு இடம் போதவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலி அட்டைப்பெட்டிகளுக்கு.

டிவி வந்த பெட்டி, விசிஆர் வந்த பெட்டி, மைக்ரோவேவ், மிக்ஸி, ஸ்டீரியோ, மகள் வெண்பாவின் கீபோர்டு. உள்ளிருக்கும் தெர்மகோல் ஒரு மூலைகூட உடையாமல், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல். ஊருக்குத் திரும்பிப் போகும்போது சாமானை அதனதன் பெட்டியிலேயே போட்டு அனுப்ப வேண்டாமா? 'ரெண்டு வருஷம்' என்று சொல்லி வந்தவர். வந்து எட்டு வருஷம். பெட்டிகள் மட்டும் எந்த நிமிஷமும் கிளம்பத் தயார்.*

* சிரித்தது போதும். உங்கள் கராஜ் பக்கம் நான் இன்னும் வரவில்லை.

வீட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் வைத்தால் வெயிலுக்குத் தெர்மகோல் வீணாகிவிடுமாம். ஆகவே ஷெட். ஷெட் நிரம்பிவிட்டதால் அதன் கூரையைக் கழற்றி, இரண்டடி உயர்த்தி, இடையில் பிளைவுட் பரப்பி ஒரு பரண். கூரை வேலிக்கு மேல் தெரியக்கூடாது என்று எங்கள் குடியிருப்பில் ஒரு விதி உண்டு. (நான் புகார் செய்யவில்லை. செய்ய நினைத்தது வேறு விஷயம்.)

என் கணவர் ராமசுப்ரமணியன், "கூரையை ஒசத்தறவன் ஊருக்குப் போக மாட்டான். இருக்கப் போறான்" என்றார். பெட்டியைக் காப்பாற்றக் கூரையை உயர்த்துகிறவன் எப்படி இங்கேயே இருப்பான், போகத்தான் போகிறான் என்றேன் நான். இரண்டு நாள் இதையே பேசினோம். எங்களுக்கு இது பொழுதுபோக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம், சேனாபதியின் மனைவி நாகமணிக்கு அப்படி இல்லை.

3

நாகமணியின் மனதுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். கறிவேப்பிலை கேட்டு அவள் சமையலறைக்குப் போவேன், அப்படியே.

ஊரில், கோபியில், ஐந்து வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவள். கிளாஸில் அவள் திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சு நிமிரும். இங்கே வந்ததும் விசாவில் வேலை செய்யக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். போன மாதம்தான் கிரீன் கார்டு வந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக ஒரு கோர்ஸ் முடிக்க வேண்டும். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. சேர்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஊருக்குப் போவதானால் அந்தப் படிப்பு அங்கே எதற்கும் ஆகாது. இருப்பதானால், அவள் மறுபடி ஒரு வகுப்பின் முன்னால் நிற்பாள்.

போகிறோமா, இருக்கிறோமா? கேட்டபோதெல்லாம் சேனாபதி சொன்ன பதில், "பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' மேல் அவளுக்குக் கோபம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். கோபம் வந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். அவளுக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. அதுதான் சங்கடம்.

4

இந்த இடத்தில் மகாதேவன் வருகிறார். இவரைக் கதையில் சேர்க்கலாமா என்று ரொம்ப யோசித்தேன். கதைக்காகவே செய்த ஆள்போல் இருக்கிறார். தொண்ணூற்றாறில் அத்தனை பெட்டியோடும் சென்னைக்குத் திரும்பிப் போனவர். அமெரிக்க மைக்ரோவேவை நேராக நம் ஊர்க் கரண்டில் சொருகிப் புகை கிளப்பியவர். எட்டே மாதத்தில் பெட்டி ஒன்றுமில்லாமல் மறுபடி சுகர் லேண்ட். நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

அவரும் இன்னும் மூன்று பேரும் தங்கள் கார் ஜாக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூலைக்கு ஒன்றாக வைத்து, கொஞ்சம் ஏற்றி, கட்டை கொடுத்து, மறுபடி ஏற்றி, எல்லாம் இன்ஜினியர்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மீட்டிங். பெட்டிகள் எல்லாம் புல்தரையில். தெருவே பார்க்கும்படி.

"சேனா, இது சோனி டிவி பாக்ஸ்தானே?" என்றார் மகாதேவன். "டிவிதான் போன தீபாவளிக்கே போயிடுச்சே?"

"பெட்டி நல்லாத்தான இருக்குது" என்றார் சேனாபதி.

"டிவிக்குக் காரியம் பண்ணியாச்சு, வீட்டை மட்டும் பூட்டி வெச்சிருக்கியாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். வெண்பா, "டாட், இட்ஸ் ஸோ எம்பாரஸிங்" என்று உள்ளே போய்விட்டாள். நாகமணி மோர் டம்ளர்கள் வைத்த தட்டோடு வெளியே வந்தாள். கூரை அப்போது சுவரை விட்டு எழும்பி நாலு ஜாக்கி மேல் நின்றது. சேனாபதி அதனடியில், கையில் குட்டைக் கட்டையோடு.

"ஏனுங்க, நாம போறமா, இருக்கறமா?"

"இப்பவா புள்ள?"

"திங்கக்கெழம காலேஜுக்குச் சொல்லோணுங்க."

"கூரைய வெச்சுட்டுப் பேசலாம்."

"எட்டு வருசமா நீங்க எதையோ வெச்சுட்டுத்தான் பேசலாங்கறீங்க."

ஜாக்கிக்காரர்கள் நாலு பேரும் திடீரென்று ஜாக்கிகளை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

5

முடிவு, முதல் வகை: "இருக்கலாம்" என்கிறார் சேனாபதி. அனைவரும் கைதட்டுகிறார்கள். என் கணவருக்கு இதுதான் பிடித்தது. அவருக்கு எந்தக் கதையும் பாராட்டு விழா மாதிரி முடிய வேண்டும்.

இரண்டாம் வகை: மழை. பெட்டிகள் நனைகின்றன, சேனாபதி ஓடி ஓடி—

மழை பெய்யவில்லை. ஒரு வாரமாக மேகம்கூட இல்லை. கதைக்கு வேண்டுமென்றால் பெய்துவிடுமா?

நடந்தது இதுதான். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். பெட்டிகளுக்கு நடுவே போனார். செத்த டிவியின் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கத்தியால் டேப்பைக் கீறினார். மடக்கினார். அது சுலபத்தில் மடங்கவில்லை. மேலே ஏறி நின்று காலால் மிதித்தார். நிமிர்ந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எழுதுகிறேன். வேறு என்னவாகவும் இருக்கலாம், ஜன்னலிலிருந்து தெரியவில்லை.

அடுத்த பெட்டியை எடுத்தார். கத்தி நகரவில்லை.

நாகமணி போய்க் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு போதுங்க. திங்கக்கெழம நான் சேந்துக்கறேன்."

"அப்ப மீதியெல்லாம்?"

"அதும்பாட்டுக்கு மேல இருக்கட்டும். ஆருக்கென்ன தொந்தரவு?"

மறுநாள் பரண் தயாரானதும் அவர் மேலே உட்கார்ந்துகொண்டார். கீழேயிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். தெர்மகோல் உடையாமல் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.

6

அப்புறம் போனார்களா, இருந்தார்களா?

எனக்குத் தெரியும். நடுவில் ஒரு வேலிதானே. ஊரில் எந்தச் செய்தியையும் இலவசமாகக் கொடுத்துப் பழகியவள் நான். ஆனால் இதற்கு மட்டும் பண்டமாற்று. உங்கள் கராஜிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு காலிப் பெட்டி இருக்கிறதே, அதை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வந்தால் சொல்கிறேன். பாதிப் பேர் வர மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.